ஆர்.வி. பயணத்தில் ஹாம் ரேடியோ: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்கப் புறநகர்களில் வாழ்கிற பலருக்கு, உரிமம் பெற்ற தனிமனிதர்கள் பொழுதுபோக்காகச் சொந்தக் கருவியில் ஒருவரோடொருவர் பேசும் ஹாம் ரேடியோ மீது ஆசை இருந்தும் அதை வீட்டில் வைத்துத் தொடர முடிவதில்லை. பல குடியிருப்புச் சங்கங்கள் கூரையில் ஆண்டெனா கட்ட விடுவதில்லை. விட்டாலும், சுற்றியுள்ள வீடுகளின் சூரிய மின்கருவிகளும் மலிவான எல்.இ.டி. விளக்குகளும் எழுப்பும் மின் இரைச்சலில் தொலைதூர நிலையங்களின் மெல்லிய குரல் அமுங்கிப்போகிறது. ஆர்.வி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் வீட்டு வண்டியில் ஊர் சுற்றுகிறவர்களுக்கு இந்த இரண்டு தடைகளும் பெரும்பாலும் இல்லை. பாலைவனத்திலோ காட்டோரத்திலோ வண்டியை நிறுத்திவிட்டால் திறந்த வானமும் அமைதியான அலைவரிசைகளும் கிடைக்கின்றன; வண்டியிலேயே மின்கலமும் உட்கார மேசையும் இருக்கின்றன.

கூடவே ஒரு கட்டுப்பாடும் வருகிறது. இன்று கட்டியதை நாளையோ மறுநாளோ அவிழ்த்தாக வேண்டும். ஆகவே எந்தக் கருவியை வாங்குவது, எந்த ஆண்டெனாவைத் தேர்ந்தெடுப்பது என்ற ஒவ்வொரு கேள்விக்கும் நான் ஒரே அளவுகோலை வைத்திருக்கிறேன்: தனி ஆளாக, பதினைந்து நிமிடத்தில் கட்டி முடிக்க முடிய வேண்டும். அதற்கு மேல் நேரம் பிடிப்பவை இரண்டு பயணங்களுக்குப் பிறகு வண்டியின் அடியறையை விட்டு வெளியே வருவதில்லை.

முதலில் கேட்டுப் பழகுங்கள்

அமெரிக்காவில் கேட்பதற்கு உரிமம் தேவையில்லை, அனுப்புவதற்குத்தான் தேவை. ஆகவே உரிமம் வருமுன்பே ஒரு சிற்றலை வானொலியை வாங்கிக் கேட்டுப் பழகலாம். கொலராடோ மாநிலத்தின் ஃபோர்ட் காலின்ஸ் அருகிலிருந்து டபிள்யூ.டபிள்யூ.வி. என்ற அரசு நிலையம் 2.5, 5, 10, 15, 20 மெகாஹெர்ட்ஸில் இரவும் பகலும் நேரத்தை அறிவித்துக்கொண்டே இருக்கிறது. காலையில் எந்த அலைவரிசையில் அது தெளிவாகக் கேட்கிறது, இரவில் எதில் கேட்கிறது என்று ஒரு வாரம் குறித்து வந்தால், சிற்றலைகளைத் தொலைதூரத்துக்குத் திருப்பி அனுப்பும் மேல்வளி அடுக்கான அயனமண்டலம் பகலிலும் இரவிலும் எப்படி மாறுகிறது என்பது எந்தப் பாடநூலையும் விட நன்றாகப் புரிந்துவிடும்.

ஆர்.வி. பயணிகளுக்கு இன்னொன்றும் மிக முக்கியம். 162.400 முதல் 162.550 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள ஏழு அலைவரிசைகளில் அமெரிக்க வானிலைத் துறை இடைவிடாமல் வானிலை அறிக்கையும் எச்சரிக்கையும் ஒலிபரப்புகிறது. சூறாவளிச் சுழல்களும் திடீர் வெள்ளமும் வரக்கூடிய மாநிலங்களில், கைப்பேசிச் சமிக்ஞை இல்லாத முகாமில் இரவு தங்கும்போது இந்த ஒலிபரப்பு உயிர் காக்கும். பெரும்பாலான ஹாம் கைக்கருவிகள் இதையும் கேட்கும்.

தேர்வும் உரிமமும்

உரிமத்தை வழங்குவது எஃப்.சி.சி. என்ற கூட்டாட்சித் தகவல் தொடர்பு ஆணையம். மூன்று படிநிலைகள் உள்ளன: டெக்னீஷியன், ஜெனரல், எக்ஸ்ட்ரா. முதல் இரண்டிலும் 35 கேள்விகள், 26 சரியாக இருந்தால் தேர்ச்சி. எக்ஸ்ட்ராவில் 50 கேள்விகள், 37 சரியாக வேண்டும். கேட்கப்படக்கூடிய எல்லாக் கேள்விகளும் விடைகளோடு முன்கூட்டியே வெளியிடப்படுகின்றன. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை அந்தத் தொகுப்பு மாறும் என்பதால், படிக்கும் புத்தகம் நடப்புத் தொகுப்புக்கு உரியதுதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மோர்ஸ் சங்கேதத் தேர்வு 2007 பிப்ரவரியிலேயே நீக்கப்பட்டுவிட்டது. அதை நினைத்துத் தயங்குகிறவர்களை இன்றும் சந்திக்கிறேன் என்பதால் இதைச் சொல்லி வைக்கிறேன்.

குடியுரிமை இல்லாதவர்களும், வேலை விசாவில் இருப்பவர்களும் இத்தேர்வை எழுதலாம். அயல்நாட்டு அரசுகளின் பிரதிநிதிகளுக்கு மட்டுமே தடை. அமெரிக்காவில் ஓர் அஞ்சல் முகவரியும் மின்னஞ்சல் முகவரியும் வேண்டும். ஆண்டு முழுவதும் வண்டியிலேயே வாழ்கிறவர்கள் தங்கள் அஞ்சல் சேவை முகவரியைத் தரலாம். முதலில் எஃப்.சி.சி. தளத்தில் பதிவெண் ஒன்றைப் பெற வேண்டும். பின்னர் தன்னார்வத் தேர்வாளர்கள் நடத்தும் தேர்வை ஏதாவது ஓர் ஊரிலோ இணையவழியிலோ எழுதலாம். தேர்வாளர் குழுவுக்குச் சிறு கட்டணம் இருக்கலாம். தேறியபின் எஃப்.சி.சி.க்கு 35 டாலர் செலுத்த வேண்டும். மின்னஞ்சல் வந்ததிலிருந்து பத்து நாள்தான் கெடு. எழுத்தும் எண்ணும் சேர்ந்த உங்கள் அடையாளமான அழைப்புக்குறி அரசின் தரவுத்தளத்தில் தோன்றிய நொடியிலிருந்து அனுப்பலாம். உரிமம் பத்து ஆண்டுகளுக்குச் செல்லும்; பயணத்தில் மாநிலம் விட்டு மாநிலம் போகும்போதெல்லாம் யாருக்கும் அறிவிக்க வேண்டியதில்லை.

டெக்னீஷியன் உரிமத்தோடு நின்றுவிடாதீர்கள் என்பதே என் உறுதியான ஆலோசனை. அது 2 மீட்டர், 70 சென்டிமீட்டர் என்று அலைநீளத்தால் பெயர்பெற்ற உயர் அலைவரிசைகளை முழுமையாகத் திறந்துவிடும். ஆனால் கண்டம் கடந்து குரலில் பேசக்கூடிய சிற்றலைப் பகுதிகளில் 28.300 முதல் 28.500 மெகாஹெர்ட்ஸ் வரை மட்டுமே தரும். முகாமில் உட்கார்ந்து நாடு முழுவதும் பேச 20 மீட்டரும் 40 மீட்டரும் வேண்டும். அவற்றில் குரலில் பேச ஜெனரல் உரிமம் வேண்டும். இரண்டையும் ஒரே நாளில், ஒரே அமர்வில் எழுதிவிடலாம்.

சாலையில்: 2 மீட்டர் கருவி

ஓடும் வண்டிக்குப் பொருத்தமானது 50 வாட் அளவிலான, இரு அலைவரிசைகள் கொண்ட வண்டிக் கருவி. மலையுச்சியில் நிறுவப்பட்ட ரிப்பீட்டர்கள் உங்கள் குரலை வாங்கி வலுவாக மறுபடி அனுப்புவதால், பல பத்து மைல் தொலைவிலுள்ளவர்களோடும் பேச முடிகிறது. ஒவ்வொரு ரிப்பீட்டருக்கும் அதன் அலைவரிசை, அனுப்பும் அலைவரிசைக்கான விலகல் (2 மீட்டரில் வழக்கமாக 600 கிலோஹெர்ட்ஸ், 70 சென்டிமீட்டரில் 5 மெகாஹெர்ட்ஸ்), திறப்பதற்கான மெல்லிய தொனி ஆகிய மூன்றும் தெரிந்திருக்க வேண்டும். மறுநாள் செல்லும் வழியில் உள்ளவற்றை முந்தைய இரவே, இணையம் கிடைக்கும் இடத்தில் கருவியில் பதிந்துகொள்ளுங்கள். ஒரு தாளிலும் எழுதி வையுங்கள். நெவாடாவின் நடுவே கைப்பேசியில் தேடிக்கொள்ளலாம் என்று இருந்துவிடக் கூடாது. ரிப்பீட்டர் எதுவும் இல்லாத வெளியில் 146.520 மெகாஹெர்ட்ஸில் கருவியை விட்டு வையுங்கள். நேருக்கு நேர் அழைப்பதற்கென நாடு முழுவதும் ஒப்புக்கொள்ளப்பட்ட அலைவரிசை அது.

வண்டி ஓட்டுகிறவர் பேசக் கூடாது என்பது என் வீட்டு விதி. கருவியைக் கையில் பிடித்தபடி ஓட்டுவது பற்றிய சட்டங்கள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகின்றன என்பது ஒரு காரணம். முப்பது அடி வண்டியைக் காற்றில் நேராகப் பிடித்துச் செல்வதே முழுக் கவனத்தையும் கேட்கும் என்பது பெரிய காரணம். துணைவரும் உரிமம் எடுத்துவிட்டால் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடும். உரிமம் எடுக்காத குடும்பத்தினரும் நீங்கள் அருகிலிருந்து பொறுப்பேற்றால் உங்கள் ஒலிவாங்கியில் பேசலாம். வெளிநாட்டு நிலையமாக இருந்தால் மட்டும், அந்நாட்டோடு அதற்கான உடன்படிக்கை உள்ளதா என்று பார்க்க வேண்டும்.

ஆண்டெனாவை எங்கே பொருத்துவது? காந்த அடி கொண்ட ஆண்டெனா எஃகுக் கூரைக்கு அருமையானது. ஆனால் பெரும்பாலான ஆர்.வி. கூரைகள் மரத்தின்மேல் ரப்பர் விரித்தவை அல்லது கண்ணாடியிழையாலானவை. அவற்றில் காந்தம் ஒட்டாது, ஆண்டெனாவுக்குத் தேவையான உலோகத் தளமும் கிடைக்காது. ஆர்.வி.யை இழுத்துச் செல்லும் வண்டி இருந்தால் அதன் கூரையே சிறந்த இடம். அதிலும் ஃபோர்டு எஃப்-150 வண்டிக்கு 2015 முதல் அலுமினிய உடல் என்பதால், வாங்குமுன் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். எஞ்சினும் வீடும் ஒன்றாயுள்ள மோட்டார் வீடு வைத்திருப்பவர்கள் பின்புற ஏணியில், உலோகத் தளம் தேவைப்படாத அரை அலை (அலைநீளத்தில் பாதி நீளமுள்ள) ஆண்டெனாவைப் பொருத்துவது நல்லது. எதைப் பொருத்தினாலும் தரையிலிருந்து அதன் உச்சி வரை உள்ள உயரத்தை அளந்து ஓட்டுநர் எதிரே எழுதி ஒட்டிவிடுங்கள்.

மின்சாரம்

100 வாட் சிற்றலைக் கருவி கேட்கும்போது சுமார் ஓர் ஆம்பியரும், முழு வலிமையில் அனுப்பும்போது சுமார் 20 ஆம்பியரும் இழுக்கும். கேட்க அச்சமாக இருந்தாலும் கணக்கு சாதகமானதே. மாலையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, அதில் கால்பங்கு நேரம் குரலில் பேசினால், குரலில் இடைவெளிகள் இருப்பதால், மொத்தச் செலவு ஆறேழு ஆம்பியர்-மணிக்கு அருகில்தான் வரும். 100 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் மின்கலம் ஒன்று இருந்தால் போதும். விளக்குக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் மீதி இருக்கும்.

புதியவர்கள் தவறுவது கம்பியில். கருவியிலிருந்து மின்கலம் வரை 20 அடி என்று வைத்துக்கொள்வோம். 14 கேஜ் மெல்லிய கம்பியில் 20 ஆம்பியர் போய்வரும்போது ஏறத்தாழ 2 வோல்ட் வழியிலேயே காணாமல் போகும். மின்கலத்தின் 13 வோல்ட் இப்படிக் குறைந்து, 13.8 வோல்ட்டை எதிர்பார்க்கும் கருவிக்கு 11 வோல்ட் அளவே வந்து சேர்ந்தால் குரல் சிதையும் அல்லது கருவி அணைந்துபோகும். அதைவிடத் தடித்த 10 கேஜ் கம்பியில் அந்த இழப்பு ஒரு வோல்ட்டுக்கும் கீழே இறங்கிவிடும். கம்பி தடிமனாக, நேரடியாக வண்டியின் வீட்டுப் பகுதிக்கான மின்கலத்திலிருந்து வர வேண்டும். மின்கலத்துக்கு மிக அருகில் ஃபியூஸ் இருக்க வேண்டும். வண்டியைக் கிளப்பும் எஞ்சின் மின்கலத்தை இதற்கு ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள்.

முகாமில் கட்டும் கம்பி

புதியவர்களுக்கு நான் பரிந்துரைப்பது ஒரே ஓர் ஆண்டெனா: ஒரு முனையில் மின்னூட்டும் அரை அலைக் கம்பி. சுமார் 66 அடி நீளக் கம்பி, 49:1 மின்மாற்றி, ஒரு கோ-ஆக்சியல் கேபிள், அவ்வளவுதான். இதே கம்பி 40, 20, 15, 10 மீட்டர் அலைவரிசைகள் நான்கிலும் வேலை செய்யும். பத்து மீட்டர் நீளமுள்ள மடக்குக் கண்ணாடியிழைக் கம்பம் ஒன்றை வண்டியின் ஏணியில் கட்டி நிறுத்தி, மின்மாற்றியைக் குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் ஒரு முனையில் வைத்து, கம்பியைக் கம்பத்தின் உச்சி வழியாக எடுத்து, மறுமுனையை நைலான் கயிற்றால் தரை ஆணியில் கட்டிவிடலாம். கேபிள் வண்டிக்குள் நுழையும் இடத்தில் அதை ஃபெரைட் என்ற காந்தப்பொருளாலான வளையத்தில் சில சுற்றுகள் சுற்றினால், அனுப்பும் அலை கேபிளின் வெளியுறை வழியாக உள்ளே வந்து மற்ற கருவிகளைக் குழப்புவது பெரிதும் குறையும்.

இடம் குறைவாக இருந்தால் 20 மீட்டர் அலைவரிசைக்கான இருமுனை ஆண்டெனா கட்டலாம். அரை அலை நீளத்தைக் கணக்கிட 468-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அடியில் விடை வரும், 14.2 மெகாஹெர்ட்ஸுக்கு 33 அடி. சற்று நீளமாக வெட்டி, அளவிகொண்டு பார்த்துப் பார்த்துக் குறைப்பதே முறை.

கட்டுமுன் தலையை நிமிர்த்தி மின்கம்பிகள் எங்கே போகின்றன என்று பாருங்கள். கம்பம் சாய்ந்தாலும், எறிந்த கயிறு வழிதவறினாலும் மின்கம்பியைத் தொட வழியில்லாத இடமாக இருக்க வேண்டும். இதில் சமரசமே கூடாது. கம்பியின் முனைகளில் அனுப்பும்போது உயர் மின்னழுத்தம் இருக்கும்; தொட்டால் சுடும். ஆகவே குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில், அடுத்த தளத்தில் தங்கியிருப்பவர்களிடமிருந்து விலகி முனைகள் இருக்கட்டும். அனுப்பும் அலையால் மனிதர்களுக்கு எவ்வளவு வெளிப்பாடு என்று மதிப்பிட வேண்டிய பொறுப்பை எஃப்.சி.சி. விதிகள் உரிமதாரருக்கே தந்திருக்கின்றன. நடைபாதைக்குக் குறுக்கே கம்பியோ கேபிளோ போகக் கூடாது; கயிற்றில் பளிச்சென்ற நாடா கட்டுங்கள். மரத்தில் எதையும் கட்டுவதைப் பல பூங்காக்கள் தடை செய்கின்றன; வாசலில் கேட்டுவிடுங்கள். இடி கேட்டவுடன் கேபிளைக் கழற்றி வெளியே போட்டுக் கம்பத்தை இறக்கிவிடுங்கள்; அரிசோனாவில் ஜூலை முதல் செப்டம்பர் வரை பிற்பகல்களில் மேகம் திரளும் வேகம் புதியவர்களைத் திகைக்க வைக்கும்.

இரைச்சலை வேட்டையாடுதல்

என் முதல் பயணத்தில் ஊரிலிருந்து நூறு மைல் தள்ளி வண்டியை நிறுத்தி, ஆசையோடு கருவியைத் திறந்தபோது, வீட்டில் கேட்ட அதே சரசரப்புதான் கேட்டது. ஊரை விட்டு வந்தும் இரைச்சல் போகவில்லையே என்று மனம் சோர்ந்தது. காரணம் வண்டிக்குள்ளேயே இருந்தது: கூரையிலிருந்த சூரியத் தகடுகளின் மின்னூட்டக் கட்டுப்படுத்தி. பொழுது சாய்ந்ததும் சரசரப்பு தானாக அடங்கி, ஆல்பர்ட்டாவிலிருந்து ஒருவர் பேசுவது தெளிவாகக் கேட்டபோதுதான் அது விளங்கியது.

ஆகவே இரைச்சலைத் தேடுவதற்கு ஒரு பகலை ஒதுக்குங்கள். முகாமின் மின் இணைப்பைத் துண்டித்து, கருவியை மின்கலத்தில் மட்டும் இயக்கி, அலைவலிமை காட்டும் அளவியைப் பாருங்கள். பிறகு இன்வெர்ட்டர், மின்னூட்டும் கன்வெர்ட்டர், எல்.இ.டி. விளக்குகள், குளிர்பதனப் பெட்டியின் கட்டுப்பாட்டுப் பலகை, தொலைக்காட்சியின் ஆண்டெனா பெருக்கி, மடிக்கணினியின் மின்செருகி என ஒவ்வொன்றாக அணைத்து, ஒவ்வொரு முறையும் முள் எவ்வளவு இறங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். குற்றவாளிகள் பெரும்பாலும் இரண்டு மூன்று பொருள்களே. சிலவற்றைப் பேசும் நேரத்தில் அணைத்து வைத்தால் போதும். இரவிலும் வேண்டியவற்றின் கம்பிகளில் 'மிக்ஸ் 31' என்ற வகை ஃபெரைட் வளையங்களைப் போடலாம். விளக்குகளை நல்ல தரத்தில் மாற்றிவிடலாம். முகாம் இணைப்பில் இருக்கும்போது கன்வெர்ட்டரின் பிரேக்கரை இரண்டு மணி நேரம் அணைத்துவிட்டு மின்கலத்தில் பேசுவதே என் வழக்கம். இதற்குச் செலவழியும் ஒரு பகல், விலையுயர்ந்த கருவி வாங்குவதைவிட அதிகப் பலன் தரும். இதைச் செய்யாமல் கருவியைக் குறைகூறிப் பொழுதுபோக்கையே விட்டவர்களை எண்ணினால் வருத்தமாக இருக்கிறது.

முதல் உரையாடல்

பகலில் 20 மீட்டர், மாலை சாய்ந்ததும் 40 மீட்டர் என்று தொடங்குங்கள். தாழ்வாகக் கட்டிய 40 மீட்டர் அலைவரிசைக் கம்பி அலையை நேர் மேலே அனுப்பிச் சில நூறு மைல் சுற்றளவில் இறக்கும். பக்கத்து மாநிலங்களோடு பேச அதுவே வசதி. ஓர் அலைவரிசையில் பேசுமுன் சிறிது நேரம் கேட்டு, யாராவது பயன்படுத்துகிறீர்களா என்று ஆங்கிலத்தில் வினவி, பதில் இல்லையென்றால் 'சி.கியூ.' (யாரேனும் பேச வாருங்கள்) என்று அழைத்து அழைப்புக்குறியைச் சொல்லலாம். இன்னும் எளிது, மற்றவர் அழைக்கும்போது பதில் தருவது. அழைப்புக்குறி, சமிக்ஞை அறிக்கை, பெயர், நிற்கும் மாநிலம் ஆகியவை போதும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறையும் முடிவிலும் அழைப்புக்குறியைச் சொல்வது சட்டப்படி கட்டாயம். நம் பெயர்கள் அவர்களுக்குப் புதியவை. ஒவ்வோர் எழுத்தாக 'ஆல்ஃபா, பிராவோ' முறையில் சொல்லுங்கள், பொறுமையாக எழுதிக்கொண்டு சரியாக உச்சரிக்க முயல்வார்கள். அமெரிக்கத் தென்மேற்கிலிருந்து தமிழ்நாடு ஏறத்தாழ உலகின் மறுபுறம். 20 மீட்டரில் 'வி.யூ.2' என்று தொடங்கும் இந்திய அழைப்புக்குறி மெல்லக் கேட்கும் நாள் மறக்காது.

பேசக் கூச்சமிருந்தால் எஃப்.டி.8 என்ற கணினி வழி முறை உண்டு. நோபல் பரிசு பெற்ற வானியற்பியலாளர் ஜோ டெய்லரும் ஸ்டீவ் ஃபிராங்கும் உருவாக்கி 2017-இல் வெளியிட்ட இது, 15 நொடித் துண்டுகளில் தகவல்களைப் பரிமாறி, காதுக்குக் கேட்காத சமிக்ஞையையும் மீட்டெடுக்கும். 14.074 மெகாஹெர்ட்ஸில் எந்நேரமும் நடமாட்டம் இருக்கும். கணினியின் கடிகாரம் ஒரு நொடிக்கு மேல் பிசகினால் வேலை கெடத் தொடங்கும் என்பதால், இணையம் இல்லாத இடத்தில் டபிள்யூ.டபிள்யூ.வி.யைக் கேட்டோ ஜி.பி.எஸ். கொண்டோ நேரத்தைச் சரிசெய்யுங்கள். இம்முறையில் கருவி தொடர்ந்து முழுச்சுமையில் இயங்குவதால் 30 வாட்டுக்கு மேல் போகாதீர்கள்.

பூங்காவிலிருந்து அழைத்தல்

ஆர்.வி. பயணிக்கென்றே அமைந்தது போன்ற ஒரு திட்டம் 'பார்க்ஸ் ஆன் தி ஏர்'. தேசிய, மாநிலப் பூங்காக்களிலிருந்து அழைக்கிறவர்களையும் அவர்களைத் தேடிப் பதில் தருகிறவர்களையும் இணைக்கும் இது, 2016-இல் நடந்த தேசியப் பூங்கா ரேடியோ நிகழ்ச்சியின் தொடர்ச்சியாகப் பிறந்தது. ஒரு பூங்காவிலிருந்து ஒரு நாளில் பத்துத் தொடர்புகள் செய்தால் அது உங்கள் கணக்கில் சேரும். நாள் என்பது கிரீன்விச் நேரப்படி. அரிசோனாவில் மாலை 5 மணிக்கே அடுத்த நாள் தொடங்கிவிடுவதால், 4 மணிக்கு உட்கார்ந்து 6 மணிவரை பேசி, 5 மணிக்கு முன்னும் பின்னும் பத்துப் பத்துத் தொடர்புகள் செய்தால் இரண்டு நாள் கணக்கு கிடைக்கும். கருவியும் ஆண்டெனாவும் முழுவதும் பூங்கா எல்லைக்குள் இருக்க வேண்டும். உங்கள் அலைவரிசையைத் திட்டத்தின் பட்டியலில் அறிவித்துவிட்டால், ஐந்து வாட்டில் அழைத்தாலும் பலர் காத்திருந்து பதில் தருவார்கள். புதியவருக்கு இதைவிட அன்பான வரவேற்பை நான் கண்டதில்லை.

மனிதர்களை நேரில் சந்திக்க விரும்பினால், ஜனவரியில் அரிசோனாவின் குவார்ட்ஸ்சைட் அருகே பொதுநிலத்தில் கூடும் குவார்ட்ஸ்ஃபெஸ்டுக்குச் செல்லுங்கள். ஆர்.வி.யில் வாழும் ஹாம்கள் பாலைவனத்தில் வண்டிகளை நிறுத்தி, ஒவ்வொருவரும் தத்தம் ஆண்டெனாவை எப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்று சளைக்காமல் காட்டுவார்கள். ஜூன் மாதத்தின் நான்காவது முழு வாரயிறுதியில் ஹாம் குழுக்கள் நாடெங்கும் திறந்தவெளியில் நிலையம் அமைத்துப் பேசும் ஃபீல்ட் டே 1933-இல் தொடங்கியது. வழியிலுள்ள எந்தக் குழுவின் கூடாரத்திலும் நுழைந்து ஒலிவாங்கியைக் கேட்டு வாங்கலாம்.

கிளம்பும் காலையில் கேபிளை முதலில் கருவியிலிருந்து கழற்றுங்கள். பிறகு கம்பியைச் சுருட்டுங்கள். கடைசியாகக் கம்பத்தை மடக்குங்கள். இந்த வரிசை மாறினால் கம்பி முடிச்சு விழும். தரை ஆணிகளை எண்ணிப் பையில் போட்டு, சன்னல் இடுக்கில் கேபிள் சிக்கியிருக்கிறதா என்று பார்த்து, வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்து, ஏணியில் நின்ற கம்பம் கீழே இறங்கிவிட்டதைக் கையால் தொட்டு உறுதி செய்துகொண்ட பிறகு சாவியைத் திருகுங்கள்.